ரப்பர் செடியும் நோயாளியின் வீடும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் பல கேள்விகள் கேட்பர். மருந்து, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நுரையீரல் நோய்ப் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்பது வீட்டின் காற்றைப் பற்றிய கேள்வியே. "அறையில் செடி வைத்தால் ஆக்சிஜன் கூடுமா, டாக்டர்?" என்பார் ஒருவர். "இரவில் செடி பக்கத்தில் இருந்தால் மூச்சு முட்டும் என்கிறார்களே?" என்பார் இன்னொருவர். இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒரே செடியைச் சுற்றி எழுகின்றன. கரும்பச்சையாகப் பளபளக்கும் தடித்த இலைகளோடு வரவேற்பறைகளில் நிற்கும் ரப்பர் செடிதான் அது.

அச்செடியை வளர்ப்பது எப்படி, யார் வளர்க்கலாம், யார் அதன் மண்ணைத் தொடாதிருப்பது நலம், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இங்கே ஒருசேரச் சொல்ல விரும்புகிறோம்.

இது எந்த ரப்பர்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தோட்டங்களில் பால் வடிக்கப்படும் ரப்பர் மரம் வேறு. வீட்டுத் தொட்டியில் வளரும் ரப்பர் செடி வேறு. தோட்ட ரப்பர் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்டது. அதன் விதைகள் 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து இலங்கை முதலிய ஆசிய நாடுகளுக்கு வந்தன. நாங்கள் அணியும் ரப்பர் கையுறைகள் அம்மரத்தின் பாலிலிருந்து செய்யப்படுபவை.

வீட்டு ரப்பர் செடியோ நம் நாட்டுக்கு உரியது. தாவரவியலில் ஃபைகஸ் எலாஸ்டிகா எனப்படும் இது, ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயத்தின் கிழக்குச் சரிவுகளிலும் அசாம், மேகாலயக் காடுகளிலும் மியான்மர் முதல் ஜாவா வரையிலும் இயல்பாக வளர்கிறது. அமேசான் ரப்பர் பரவுவதற்கு முன்பு அசாமிலிருந்து வணிகத்துக்குச் சென்ற ரப்பர் இம்மரத்தின் பாலிலிருந்தே கிடைத்தது. மேகாலயத்தின் காசி, ஜைந்தியா மக்கள் இதன் விழுதுகளை ஓடைகளின் குறுக்கே பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து உயிருள்ள பாலங்களாக்குகின்றனர். அவ்வேர்ப் பாலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றன.

இவ்வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு பயன் உண்டு. இது பெருமரமாக வளரும் இயல்புள்ள, மழைக்காட்டின் ஈரக்காற்றுக்குப் பழகிய, மரங்களின் நிழலில் இளமையைக் கழிக்கும் செடி. அதன் தேவைகள் அனைத்தும் இவ்வியல்பிலிருந்தே புரியும். தொட்டியில் இருக்கும்வரை இது செடி. வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில் நட்டால் ஆலமரத்தைப் போன்றே அடித்தளத்தையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிச் செல்லும். ஆகவே தரையில் நட வேண்டா.

காற்றைத் தூய்மை செய்யுமா?

உட்புறச் செடிகள் காற்றில் உள்ள நச்சு வேதிப்பொருள்களை உறிஞ்சும் என்ற கருத்து, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் 1989-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்றிலிருந்து பரவியது. அவ்வாய்வு காற்றுப்புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. நம் வீடுகள் அத்தகைய பெட்டிகள் அல்ல. சன்னல், கதவு இடுக்குகள் வழியே காற்று இடைவிடாமல் வந்து போகிறது. அதன்பின் நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை 2019-இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்துக் கணக்கிட்டனர். இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள், சில கணக்குகளின்படி 1000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் குறைந்தது தொண்ணூறு செடிகள்! அதன்பின் கட்டில் போட இடம் இராது.

ஆக்சிஜன் கணக்கும் இவ்வாறே. ஓய்வாகப் படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. நாளொன்றுக்கு இது 360 லிட்டர் ஆகும். அறையின் மங்கிய ஒளியில் ஒரு தொட்டிச் செடி வெளியிடுவது இதன் முன் மிகச் சொற்பம். அதே காரணத்தால் இரவில் அச்செடி சுவாசித்து எடுத்துக்கொள்வதும் மிகச் சொற்பம். அறையில் உங்களுடன் இன்னொருவர் உறங்குவதற்கு நீங்கள் அஞ்சுவதில்லை அல்லவா? அவர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் செடியின் பங்கு பொருட்படுத்தத் தக்கதன்று. எனவே மூச்சு முட்டும் என்ற அச்சமும் வேண்டா. ஆக்சிஜன் கூடும் என்ற நம்பிக்கையும் வேண்டா.

இரண்டாவது நம்பிக்கையைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களிலும் நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களிலும் சிலருக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் தேவைப்படும். வீட்டில் நான்கு செடிகள் வைத்தாயிற்று என்று ஆக்சிஜன் செறிவூட்டியை இரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்துவது ஆபத்தானது. விரலில் மாட்டும் கருவி காட்டும் அளவையும் எங்கள் மருந்துச் சீட்டையும் மட்டுமே பின்பற்றுங்கள்.

வீட்டின் காற்றை உண்மையாகவே மாற்றக்கூடியவை வேறு. கொசுவர்த்திச் சுருளை நிறுத்துவது அவற்றில் முதன்மையானது. ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஒப்பானது என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, விறகடுப்பு, வீட்டுக்குள் பிடிக்கப்படும் பீடி, சிகரெட் ஆகியவையும் அவ்வாறே. ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் எந்தத் தீயும் கூடாது என்பதையும் மறவாதீர்கள். புகையை நிறுத்திச் சன்னலைத் திறந்து வைத்தாலே நூறு செடிகள் செய்ய இயலாததை நீங்கள் செய்தவர் ஆவீர்கள்.

அப்படியானால் எதற்காக வளர்ப்பது?

நீண்டநாள் நோயில் உடலின் வலிமை குறைவதோடு இன்னொன்றும் கைநழுவுகிறது. எப்போது எழுவது, என்ன உண்பது, எப்போது குளிப்பது என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யத் தொடங்குகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர், ஆயினும் நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று எதற்கும் பொறுப்பில்லாதவர் ஆகிறார். "எனக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது?" என்ற சொல்லை எங்கள் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர்களான எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் ஒரு தளத்தில் இருந்தோருக்கு ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே பராமரிக்கும் பொறுப்பு தரப்பட்டது; சிறுசிறு முடிவுகளையும் அவர்களே எடுக்கலாம் என்று சொல்லப்பட்டது. மற்றொரு தளத்தில் இருந்தோருக்கும் செடி தரப்பட்டது. ஆனால் செவிலியரே அதற்கு நீர் ஊற்றினர். சில வாரங்களில் முதல் குழுவினர் கூடுதல் சுறுசுறுப்பும் மனமகிழ்ச்சியும் உடையவராகக் காணப்பட்டனர். பொறுப்பு ஆயுளையும் நீட்டியது என்று பின்னர் சொல்லப்பட்ட கணக்கில் பிழை இருந்தது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆகையால் செடியை ஆயுள் நீட்டும் மருந்தென்று நாங்கள் கூற மாட்டோம். இரு தளங்களிலும் செடி இருந்தது. வேறுபட்டது அது யாருடைய பொறுப்பு என்பதே. இதைமட்டும் குடும்பத்தார் மனத்தில் கொண்டால் போதும்.

இப்பணிக்கு ரப்பர் செடி பொருத்தமானது. துளசியைப் போல நாள்தோறும் நீர் கேட்பதில்லை. ஒருவாரம் மறந்தாலும் வாடுவதில்லை. புதிய இலை விரிவதைத் தெளிவாகக் காணலாம்: செந்நிற உறைக்குள் சுருண்டிருக்கும் இலை சில நாள்களில் உறையை உதிர்த்துவிட்டு வெளிவரும். கட்டிலில் இருந்தபடியே பார்த்து மகிழத்தக்க மாற்றம் அது.

இடமும் ஒளியும்

நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடமே இச்செடிக்கு உகந்தது. காலை வெயில் மென்மையாக விழும் கிழக்குச் சன்னல் சிறந்தது. மேற்குச் சன்னலில் சித்திரை, வைகாசி மாத வெயில் பட்டால் இலைகள் பழுப்பாகத் தீய்ந்துவிடும். அங்கே மெல்லிய திரை வேண்டும். வெளிச்சம் குறைந்த மூலையில் செடி சாகாது. ஆயினும் கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு, இலை சிறுத்து, ஒரு பக்கமாகச் சாயும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலைகளை உடைய வகைகளுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை.

ஏசியின் குளிர்காற்று நேராகப் படும் இடம் ஆகாது, இலை உதிரும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் செடி நேராக வளரும். இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டா. புதிய இடத்துக்கு வந்தவுடன் சில இலைகளை உதிர்ப்பது இதன் இயல்பு.

நோயாளியின் அறையிலேயே வைப்பதைவிட, அவர் கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ காணக்கூடிய கூடத்திலோ மூடிய பால்கனியிலோ வைப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். நடக்கும் வழியிலும் ஆக்சிஜன் குழாய் செல்லும் பாதையிலும் தொட்டி இருக்கலாகாது. இரவில் கழிவறைக்குச் செல்லும்போது முதியோர் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மூல நோயைவிடப் பெருந்துன்பமாக முடியக்கூடும்.

நீர்: குறைவே நிறைவு

வீட்டு ரப்பர் செடிகள் நீரின்றிச் சாவதைவிட நீர் மிகுந்தே சாகின்றன. நோயாளியின் வீட்டில் இது இன்னும் எளிதாக நேரும். காலையில் மனைவி ஒரு குவளை ஊற்றுவார். மாலையில் மகன் ஒரு குவளை ஊற்றுவார். பார்க்க வந்த உறவினர் தம் பங்குக்கு ஒரு குவளை ஊற்றுவார். வேர் அழுகிய பின்னர், செடி வாடுகிறதே என்று மறுபடியும் நீர் ஊற்றுவர். எனவே நீர் ஊற்றும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே இருக்கட்டும்.

மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் செருகி எடுங்கள். ஈர மண் ஒட்டியிருந்தால் நீர் வேண்டா. குச்சி உலர்ந்து வந்தால் ஊற்றலாம். விரலால் பார்ப்பதைவிடக் குச்சி நல்லது. கையில் மண் படாது. கோடையில் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பத்து நாள்களுக்கு ஒருமுறையும் நீர் தேவைப்படலாம். நாள்காட்டியைவிடக் குச்சியை நம்புங்கள். ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் கசியும்வரை மெதுவாக ஊற்றி, அரைமணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

அடித்தட்டு நீரை அலட்சியம் செய்யலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறிதளவு நன்னீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். தட்டை வாரம் ஒருமுறையேனும் உரசிக் கழுவிக் காயவைத்தால் அச்சுழற்சி அறுபடும். சிகிச்சை பெற்றுத் தேறிவரும் ஒருவருக்கு டெங்கு வருவதை எண்ணிப் பார்த்தால் இச்சிறு வேலையின் அருமை விளங்கும்.

தொட்டி, மண், உரம்

அடியில் துளையுள்ள தொட்டியே வேண்டும். செம்மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு, சிறிது ஆற்றுமணல் கலந்த, நீர் தேங்காத மண் போதுமானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வேர் அடித்துளை வழியே எட்டிப்பார்க்கும்போது, ஓரளவே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மிகப் பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கி வேர் அழுகும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை நீரில் கரைத்த உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் பாதியாக இட்டால் போதும்.

பெரிய இலைகளில் தூசி படியும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு கையால் இலையை அடியில் தாங்கியபடி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பளபளப்புக்காக எண்ணெயோ பாலோ தடவ வேண்டா. தூசி மேலும் ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இது செடியின் அழகுக்காக மட்டுமன்று, தூசியைக் குறைப்பதற்காகவும் செய்ய வேண்டிய வேலை. உலர்ந்த துணியால் தட்டினால் தூசி பறக்கும், ஈரத்துணியே வேண்டும்.

வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சியோ பழுப்பு நிறச் செதில்பூச்சியோ கண்டால், சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். நெடியுள்ள பூச்சிமருந்துகளை வீட்டுக்குள் தெளிக்கலாகாது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானாலும் செடியை வெளியே கொண்டுசென்று தெளித்து, உலர்ந்த பின் உள்ளே கொண்டுவாருங்கள். நெடியும் நுண்துளிகளும் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும்.

வெட்டினால் வடியும் பால்

இலையைக் கிள்ளினாலும் கிளையை வெட்டினாலும் வெண்பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். உடனே தூய நீரால் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். குழந்தை இலையை மென்றுவிட்டால் வாயில் எரிச்சலும் வாந்தியும் வரலாம். வாயைக் கழுவுங்கள், வலிந்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், வீக்கமோ விழுங்குவதில் தொல்லையோ இருந்தால் தாமதியாமல் அழைத்து வாருங்கள். நாய், பூனைகளுக்கும் இது ஒவ்வாது.

கிளை வெட்டும் வேலையை நோயாளி செய்ய வேண்டா. வேறொருவர் கையுறை அணிந்து செய்து, வெட்டுவாயைக் குளிர்ந்த நீரால் துடைத்தால் பால் நிற்கும். ரப்பர் கையுறை, பலூன் போன்றவற்றால் முன்பே ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் இப்பாலைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை. அவர்களுள் சிலருக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கிவி ஆகியவையும் ஒவ்வாதிருக்கும். பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இவ்வொவ்வாமை மிகுதி. உங்களுக்கு அத்தகைய அனுபவம் இருந்தால் செடியைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் எங்களிடம் அவ்வொவ்வாமையைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த சிகிச்சையின்போது நாங்கள் அணியும் கையுறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

மண்ணைத் தொடலாகாதவர் யார்?

இக்கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். தொட்டி மண்ணிலும் மட்கும் இலையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் இயல்பாகவே வாழ்கின்றன. மண்ணைக் கிளறும்போது அவற்றின் நுண்வித்துகள் காற்றில் எழுகின்றன. நலமாக உள்ளவரின் நுரையீரல் அவற்றை எளிதில் வெளியேற்றிவிடும். எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடத்தில் அவை உயிருக்கே ஆபத்தான நோயை உண்டாக்கலாம். 2021-இல் கோவிட்டைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோயை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்குக் காரணமான பூஞ்சைகளும் மண்ணிலும் மட்கிய பொருள்களிலும் வாழ்பவையே. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் அவற்றுக்கு வழி திறந்தன.

எனவே பின்வருவோர் நிலையைத் தனித்தனியே கருத வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றோரும், புற்றுநோய் மருந்துகளால் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருப்போரும் இருக்கும் அறையில் தொட்டிச் செடியே இருக்கலாகாது. அவர்கள் மண்ணைத் தொடுவதும், பிறர் தொட்டி மாற்றும்போது அருகில் இருப்பதும் கூடாது. எப்போது இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்பதை அவர்களது மருத்துவரே சொல்வார்.

சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உண்போரும் செடியைக் கண்டு மகிழலாம். மண் வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தோர், மண் வேலையைத் தவிர்ப்பது நல்லது. அக்குழிகளில் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறித் திரளாக வளர்ந்து, சளியில் இரத்தம் வரச் செய்வதுண்டு. இப்பூஞ்சைக்கு ஒவ்வாமை கொண்ட ஆஸ்துமா நோயாளிகளுக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

சர்க்கரை நோயாளிகள் கையிலோ காலிலோ புண் இருக்கும்போது மண்ணைத் தொடலாகாது. வெறுங்காலோடு தொட்டியை நகர்த்தலாகாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஓட்டுச்சில் குத்தியதே தெரியாமல் புண்ணாகி வருவோரை நாங்கள் காண்கிறோம்.

வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் ஆறு வாரமேனும் தொட்டியைத் தூக்க வேண்டா. ஓரடி விட்டமுள்ள ஈரத் தொட்டி 15 கிலோவைத் தாண்டும். கண்புரை அறுவை செய்துகொண்டோரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை மண் வேலையைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டி மாற்றுவோர் அதை வெட்டவெளியில், மண்ணைச் சற்று நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து செய்து, பின்னர் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். உள்ளே வைக்கும் தொட்டியின் மேல்மண்ணைக் கூழாங்கற்களால் மூடி, உதிர்ந்த இலைகளை அன்றன்றே அகற்றினால் பூஞ்சை வளர்வது குறையும்.

நலம் விசாரிக்க வருவோர் பூங்கொத்தோ செடியோ கொண்டுவந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் செவிலியர் வாசலிலேயே தடுப்பதற்கும் இதுவே காரணம். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோரின் அறைகளில் பூக்களும் தொட்டிச் செடிகளும் வேண்டா என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அன்பை மறுப்பதாகக் கருத வேண்டா.

மூச்சிரைப்பு உள்ளவர் செய்யத்தக்கவை

மேற்கூறிய தடைகள் இல்லாத, ஆனால் நாலடி நடந்தால் மூச்சிரைக்கும் நோயாளிக்கு இச்செடியைப் பொறுப்பாகக் கொடுக்கலாம். தொட்டியைக் குனியத் தேவையில்லாத உயரத்தில் உறுதியான முக்காலியின்மேல் வையுங்கள். குனிந்தால் வயிறு உதரவிதானத்தை அழுத்தி மூச்சிரைப்பு கூடும். அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும். நீர் எடுக்க அரைலிட்டர் குவளை போதும், வாளி வேண்டா.

மூக்கால் மூச்சை இழுத்து, குவளையைத் தூக்கும்போது உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை வெளிவிடுங்கள். ஓர் இலையைத் துடைத்துவிட்டு இரண்டு மூச்சு ஓய்வு எடுங்கள். எல்லா இலைகளையும் ஒரே நாளில் துடைக்க வேண்டும் என்பதில்லை. நாளுக்கு மூன்று இலை போதும். வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படுவோர் குழாயைக் கழற்றாமலே இதைச் செய்ய வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் நாங்கள் கற்பிக்கும் மூச்சுமுறையை அன்றாட வாழ்வில் பழகிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. மார்பு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தோளில் ஏற்கெனவே சுமை மிகுதி. இச்செடி இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. நோயாளிக்கு விருப்பம் இல்லையெனில் வற்புறுத்த வேண்டா. விருப்பம் இருந்தால், அவர் ஒருநாள் நீர் ஊற்ற மறந்தாலும் நீங்கள் முந்திக்கொண்டு ஊற்றிவிடாதீர்கள். செடி காத்திருக்கும்.

இலை உதிர்ந்தால்

எங்களை வருத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மருத்துவமனையில் பத்து நாள் தங்கித் திரும்பும் குடும்பத்தார், வீட்டில் செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருப்பதைக் கண்டு மனம் கலங்குவதுண்டு. நோயாளியின் பெயரில் வாங்கிய செடி, அவர் வளர்த்த செடி என்பதால் அதன் வாட்டத்தைச் சகுனமாகக் கொள்வோரும் உண்டு. இலை உதிர்வதற்கும் உடல்நிலைக்கும் எத்தொடர்பும் இல்லை. கீழ் இலைகள் மஞ்சளானால் நீர் மிகுந்திருக்கும், அல்லது வெளிச்சம் குறைந்திருக்கும். இலையோரம் பழுப்பாகிக் காய்ந்தால் மண் அளவுக்கு மீறி உலர்ந்திருக்கும், அல்லது வெயில் சுட்டிருக்கும். சன்னல்களை மூடி, திரையை இழுத்துவிட்டுச் சென்ற வீட்டில் பத்து நாள் இருந்த செடி இலை உதிர்ப்பது இயல்பே.

தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழைய இடத்தில், பழைய வெளிச்சத்தில் வைத்து, குச்சி உலர்ந்து வரும்போது மட்டும் நீர் ஊற்றிவாருங்கள்; உரம் இப்போது வேண்டா. சில வாரங்களில் கணுவிலிருந்து புதுத் துளிர் வரக்கூடும். வராமல் பட்டுப்போனாலும் அது ஒரு செடி பட்டுப்போனதே அன்றி வேறில்லை. நர்சரியில் இன்னொன்று கிடைக்கும்.

மீண்டும் மருத்துவமனைக்கு வர நேர்ந்தால் புறப்படுமுன் நன்றாக நீர் ஊற்றி, அடித்தட்டைக் காலிசெய்து, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரத்துக்குக் குறையாமல் அது தாங்கும். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, உங்கள் நோய்க்கும் மருந்துகளுக்கும் ஏற்ப மண் வேலை செய்யலாமா, கூடாதா என்று எங்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மருந்துச் சீட்டின் ஓரத்தில் அதையும் எழுதித் தருகிறோம்.